ஆணியில் தொங்கிய இரண்டாவது சாவி

போன மாதம் ஒரு மத்தியானம், நான் முன்பு வேலை பார்த்த சப் ஸ்டேஷனிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். என்னை அவர் பார்த்ததில்லை. பழைய லாக்புக்குகளை எல்லாம் மூட்டை கட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. கட்டுவதற்கு முன் சும்மா புரட்டியிருக்கிறார்.

“சார், உங்க கையெழுத்துல பக்கத்துக்குப் பக்கம் ‘வ.சா. மாட்டப்பட்டது, வ.சா. எடுக்கப்பட்டது’ன்னு இருக்கு. வ.சா.ன்னா என்ன சார்? பழைய காலத்து ரிலே ஏதாச்சுமா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ரிலே இல்ல தம்பி, ஒரு பொண்ணோட சைக்கிள் சாவி” என்றேன். கிழவனுக்கு வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார். அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்து நாளைக்கு வருகிறார்களாம், கூடவே இருந்து வேலையைப் பார்ப்பதற்கு. “நான் என் வேலையப் பாக்கறதா, அவங்களப் பாக்கறதா சார்? என்னதான் சொல்றது அவங்ககிட்ட?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் இவ்வளவு நீளமாக வந்துவிட்டது.

என் ஆரம்ப காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளில் கம்பத்துக்குக் குழி தோண்டுகிற ஆளாகச் சேர்ந்தேன். குழி தோண்டினேன், கம்பி இழுத்தேன், கம்பம் ஏறினேன். ஒரு மழைக்காலத்தில் கம்பத்திலிருந்து வழுக்கி விழுந்து வலது முழங்கால் போனது. ஏறுகிற வேலைக்கு இனி ஆக மாட்டான் என்று பரீட்சை எழுத வைத்து உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் நான் சப் ஸ்டேஷன் ஆபரேட்டர் ஆனேன். பெரம்பலூர் தனி மாவட்டமான வருடம் பாடாலூர் பக்கத்து ஸ்டேஷனுக்கு வந்தவன், அரியலூரும் தனியாகப் பிரிந்து, திரும்பச் சேர்ந்து, கடைசியில் மறுபடி பிரிந்த வருடம்தான் அங்கிருந்து ஓய்வு பெற்றேன். நடுவில் எங்கள் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு எத்தனை முறை மாறியது என்று எனக்கே நினைவில்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மணிக்கு ஒரு தரம் மீட்டர்களைப் பார்த்து எழுத வேண்டும், பேட்டரியைச் சோதிக்க வேண்டும், டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் சூட்டைக் குறிக்க வேண்டும். மீதி நேரமெல்லாம் போன்தான். “சார், கரண்ட் எப்ப வரும்?” என்று கேட்காத ஆள் அந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. செட்டிகுளத்து வெங்காயக்காரர் ஒருவர் மோட்டார் நின்ற அடுத்த நிமிடமே கூப்பிடுவார். நான் போனை எடுத்ததும் “வந்துரும்ங்க” என்பேன். “நான் இன்னும் கேக்கவே இல்லையே” என்பார். பதினோரு வருடம் இப்படியே போனது. அவர் முகத்தை நான் கடைசி வரை பார்க்கவே இல்லை.

இனி லைன் கிளியர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லைனில் வேலை செய்யப் போகிற லைன்மேன் முதலில் ஸ்டேஷனுக்கு வந்து, இன்ன பீடரில் இன்ன இடத்தில் வேலை என்று எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். பீடர் என்பது ஸ்டேஷனிலிருந்து ஒரு பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போகிற லைன். ஆபரேட்டர் அந்த பீடரின் பெரிய சுவிட்சான பிரேக்கரை நிறுத்தி, அது இருக்கிற வண்டியை வெளியே இழுத்து வைத்து, லாக்புக்கில் எழுதி, ஒரு நம்பர் கொடுப்பார். அந்த நம்பரை வாங்கிய பிறகுதான் அவர் கம்பத்தில் கை வைக்கலாம். அங்கே போனதும் தன் பாதுகாப்புக்கு எர்த் ராடு போட வேண்டும். கம்பியைத் தரையோடு இணைக்கிற கம்பு அது. தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் ஆளைத் தொடாமல் தரைக்குள் போய்விடும். வேலை முடிந்ததும் ராடை எடுத்துவிட்டு, லைன் கிளியர் வாங்கிய அதே ஆள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவனுடைய அண்ணன் வந்து சொன்னாலும் செல்லாது.

இது எல்லா ஊருக்கும் பொதுவான சட்டம். எங்கள் ஸ்டேஷனில் இதற்கு மேல் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பீடரையும் போட்டு நிறுத்துகிற கைப்பிடிக்குப் பக்கத்தில் மரப்பலகையில் ஓர் ஆணி உண்டு. லைன் கிளியர் வாங்குகிற லைன்மேன் தன் சைக்கிளைப் பூட்டி, சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டு நடந்தோ, இன்னொருவர் சைக்கிளில் தொற்றிக்கொண்டோ போக வேண்டும். திரும்பி வந்து அவர் கையாலேயே எடுக்க வேண்டும். கையெழுத்தைக்கூட மறந்து போட்டுவிடலாம், சைக்கிளை விட்டுவிட்டு எவனும் வீட்டுக்குப் போக மாட்டான். எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் யாரோ ஆரம்பித்தது. நான் வந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “மேல ஒருத்தன், ஆணியில ஒரு சாவி” என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

எங்கள் உதவிப் பொறியாளர் தேன்மொழி மேடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் வருவார், குடையை வாசலில் சாய்த்துவிட்டுக் குழாயில் முகம் கழுவுவார், உள்ளே வருவார். ஆபரேட்டர் நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டார். “அது ஷிப்ட் பாக்கறவங்க சீட்டு” என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. லாக்புக்கை அவர் படிக்கவும் மாட்டார். நம் பக்கம் தள்ளிவிட்டு, “படிங்க” என்பார்.

நாம் எழுதியதை நாமே சத்தமாகப் படிக்க வேண்டும். ஒன்பது மணி இத்தனை, பத்து மணி இத்தனை என்று படித்துக்கொண்டே போகும்போது, பதினொரு மணிக்கு மீட்டரைப் பார்க்காமலேயே பத்து மணிக் கணக்கை எழுதியிருந்தால் நம் குரலே கொஞ்சம் இறங்கிவிடும். அவர் அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். “இன்னொரு தரம் படிங்க” என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். அவருக்குப் பயந்து நான் உண்மை எழுதக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தொண்ணூற்றொன்பதில் அவர்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்தார். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு உண்டு, மோட்டார் ரீவைண்டிங் பாடம். பிளஸ் டூ பிள்ளைகளைப் பத்து நாள் வேலை நடக்கிற இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ரீவைண்டிங் பட்டறைகளுக்குப் போனவர்கள் போக, ஷிப்டுக்கு இரண்டு பேராக எங்களுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தவர்கள் பாஸ்கர், வளர்மதி.

பாஸ்கருக்கு வாய் ஓயாது. “சார், இந்தச் செவப்பு லைட்டு எதுக்கு, இது ஏன் துடிக்குது, இதத் தொட்டா செத்துருவாங்களா?” அவனுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும், அதுவும் நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிய வேண்டும். வளர்மதி அதற்கு நேர்மாறு. நர்சிங் பிரிவு கேட்டிருக்கிறாள், இடம் இல்லை, இதில் தள்ளிவிட்டார்கள். ஊர் பாடாலூருக்கும் தள்ளி. அப்பாவுக்குக் கொஞ்சம் காடு, பருத்தி போடுகிறவர். அரசாங்கம் சைக்கிள் கொடுக்காத காலம், அண்ணன் ஓட்டிப் பழசான ஒரு சைக்கிளில் வருவாள். நீளமான நோட்டில் கோடு போட்டு, மணி போட்டு, நடப்பதை எல்லாம் எழுதுவாள். நான் டீ குடித்ததைக்கூட எழுதியிருந்தாள்.

முதல் நாளே நான் சட்டம் போட்டேன். இருவருக்கும் பேட்டரி அறைக் கதவுக்குப் பக்கத்தில், மூலையில் ஒரு பெஞ்சு. “பாக்கலாம், எழுதலாம். எதையும் தொடக்கூடாது. ஷிப்ட் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. கேள்வியெல்லாம் ரெண்டு மணிக்கு மேல” என்றேன். பாஸ்கரை நினைத்துப் போட்ட சட்டம்தான். ஆனால் சட்டம் என்றால் இரண்டு பேருக்கும்தானே.

மூன்றாம் நாள் பாஸ்கர் விளையாட்டாகத் தன் சைக்கிள் சாவியை ஒரு பீடர் ஆணியில் மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்ததே கோபம். “இந்த ஆணியில எவன் கை வச்சாலும் அப்பவே வீட்டுக்கு அனுப்பிருவேன். உங்க ஹெட்மாஸ்டருக்கும் எழுதிருவேன்” என்று கத்தினேன். வளர்மதி நோட்டிலிருந்து தலையே நிமிரவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள்தான் அது நடந்தது.

ஆடிக் காற்று ஓய்ந்துவிட்டாலும் அது போட்ட கிளைகளும் சாய்த்த கம்பங்களும் அங்கங்கே பாக்கி. பத்தரை மணிக்கு லைன்மேன் முத்துசாமி வந்து செட்டிகுளம் பீடரில் லைன் கிளியர் கேட்டார். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டரில் கம்பத்தின் குறுக்குச் சட்டம் மாற்றுகிற வேலை. பிரேக்கரை நிறுத்தினேன், வண்டியை இழுத்தேன், நம்பர் கொடுத்தேன். முத்துசாமி சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. அதே பீடரின் கடைசியில் இருக்கிற லைன்மேன் செல்வராசு. ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார்.

“அண்ணே, இங்க கம்பத்துல ஒரு ஜம்பர் கம்பி அந்து தொங்குது. பீடருதான் ஆஃப்ல இருக்கே, அதோட நானும் ஏறி முடிச்சுடறேன். எனக்கும் ஒரு லைன் கிளியர் குடுங்க.”

“நேர்ல வரலையா?”

“பதினாறு கிலோமீட்டரு வந்துட்டுப் போறதுக்குள்ள முத்துசாமி அண்ணன் முடிச்சுடுவாரு. அப்புறம் மறுபடி நிறுத்தினா வெங்காயக்காரங்க என்னத் தின்னுருவாங்க.”

குரல் தெரிந்தால் போனிலும் கொடுக்கலாம் என்று விதி உண்டு. கொடுத்தேன். நம்பரை அவர் திருப்பிச் சொன்னார். லாக்புக்கிலும் எழுதினேன், ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். ஆனால் அது அந்தப் பக்கத்தின் கடைசி வரி. எழுதி முடிப்பதற்குள் டிவிஷன் ஆபீசிலிருந்து இன்னொரு போன். பேட்டரிக் கணக்கு உடனே வேண்டுமாம். பக்கத்தைத் திருப்பினேன். பிறகு பன்னிரண்டு மணி ரீடிங், வெங்காயக்காரர், அதன் பிறகு யார் யாரோ.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முத்துசாமி வியர்வையோடு வந்தார். நான் போனில் இருந்தேன். “ஆளு, சாமான், ராடு எல்லாம் எறக்கியாச்சு” என்று சொல்லி, புதுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். நான் போனை வைத்தேன். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். அதில் லைன் கிளியர் எதுவும் பாக்கி இல்லை. வெளியே போய் பிரேக்கர் வண்டியை உள்ளே தள்ளினேன். திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்தேன்.

ஆணியில் ஒரு சாவி தொங்கியது.

சிவப்பு நூல் கட்டிய சைக்கிள் சாவி. முத்துசாமி தன் சாவியை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அப்படியானால் இது யாருடையது? எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்தான். திரும்பி, “டேய் பாஸ்கர்!” என்று கத்தினேன். அவன் எழுந்து நின்று, “சத்தியமா நான் இல்ல சார்” என்றான். நான் நம்பவில்லை. சாவியைப் பிடுங்கி மேசை மேல் எறிந்தேன். “உன்ன இன்னிக்கே அனுப்பிடறேன் பாரு. இது என்ன வெளயாடற எடமா?” என்று சொல்லிக்கொண்டே மறுபடி கைப்பிடியில் கை வைத்தேன்.

மூலைப் பெஞ்சிலிருந்து வளர்மதி எழுந்து வந்தாள். ஓடிவரவில்லை, விறுவிறுவென்று நடந்துதான் வந்தாள். மேசையிலிருந்த சாவியை எடுத்து, என் கைக்குக் கீழே நுழைந்து, அந்த ஆணியிலேயே மறுபடி மாட்டினாள்.

“நான்தான் சார் மாட்டினேன். என் சாவிதான்.”

“நீயா? எதுக்கு?”

“போன்ல கேட்டாருல்ல சார் ஒரு அண்ணன், அவருக்கு ஆணியில சாவி இல்லையே. மேல ஒருத்தன், ஆணியில ஒரு சாவின்னு நீங்கதான சொன்னீங்க. அதான் சார்…” என்றவள் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

நான் கைப்பிடியை விட்டேன். ஒரு பக்கம் பின்னால் திருப்பினேன். கடைசி வரியில், என் கையெழுத்தில், அழகாக இருந்தது: பதினொன்று இருபது, செட்டிகுளம் பீடர், செல்வராசு, லைன் கிளியர் நம்பர் இத்தனை. நாற்காலியில் உட்கார்ந்தேன். பாஸ்கர்தான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தான். சற்று முன் அவனை நான் திட்டியதை அவன் மறந்துவிட்டான், நான் இன்னும் மறக்கவில்லை.

எழுந்து போய் வண்டியை மறுபடி வெளியே இழுத்துப் பூட்டினேன். பிறகு மேடத்துக்கு நானே போன் செய்தேன். மறைத்திருக்கலாம். ஆனால் அவர் வந்து “படிங்க” என்று சொன்னால் என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும், அது எனக்குத் தெரியும்.

இருபது நிமிடத்தில் வந்தார். அன்று முகம் கழுவவில்லை. லாக்புக்கை என் பக்கம் தள்ளி, “பத்தரை மணியிலேருந்து படிங்க, கோவிந்தராஜ்” என்றார். படித்தேன். பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது என் குரல் இறங்கியது. “இன்னொரு தரம்” என்றார். படித்தேன்.

பிறகு வளர்மதியைப் பார்த்து, “நீ என்னம்மா எழுதியிருக்க? படி” என்றார்.

அவள் நோட்டை விரித்தாள். “பதினொண்ணு இருபது. போனில் செல்வராசு அண்ணன் லைன் கிளியர் கேட்டார். சார் கொடுத்தார். சாவி இல்லை. கேள்வி: போனில் கேட்டால் யார் சாவியை மாட்டுவது? இரண்டு மணிக்கு மேல் சாரைக் கேட்க வேண்டும். பதினொண்ணு இருபத்தஞ்சு. சார் பேட்டரி அறைக்குள் போனபோது என் சாவியை மாட்டினேன். தப்பு என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.”

“அப்பவே சார்கிட்ட வாய் விட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா?”

“ரெண்டு மணி வரைக்கும் பேசக்கூடாதுங்க மேடம்.”

“யார் சொன்னது?”

அவள் என்னைப் பார்த்தாள். “நான்தாங்க மேடம்” என்றேன்.

“அதையும் எழுதுங்க” என்றார் மேடம்.

“லாக்புக்லயாங்க?”

“லாக்புக்லதான்.”

எழுதினேன். ‘பயிற்சி மாணவர்கள் ஷிப்ட் நேரத்தில் பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.’ என் இத்தனை வருட உத்தியோகத்தில் அந்த ஒரு வரி எழுதத்தான் நேரம் பிடித்தது. அதற்கு அப்புறம் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்ததும், நான் பதில் கொடுத்ததும் எல்லாம் சாதாரணம்.

என் ஷிப்ட் இரண்டு மணிக்கே முடிந்தும் நான் எழுந்து போகவில்லை. செல்வராசுக்கு எதுவும் தெரியாது. இரண்டே முக்காலுக்கு அதே பூத்திலிருந்து, “முடிஞ்சுதுண்ணே, போட்டுக்குங்க” என்றார். போனில் வாங்க மாட்டேன், நேரில் வா என்றேன். “என்னண்ணே புதுசா?” என்று அலுத்துக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். பாஸ்கர் சாப்பிடப் போனான், வளர்மதி போகவில்லை. அவளுடைய சைக்கிள் பூட்டிக் கிடந்தது. “சாவிய எடுத்துட்டுப் போம்மா, நாங்க வேற ஏதாச்சும் மாட்டிக்கறோம்” என்று மேடம் சொன்னார். “அந்த அண்ணன் வந்து எடுக்கட்டும்ங்க மேடம்” என்று சொல்லி அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தன் டிபன் பாக்சை மேடம் அவள் பக்கம் தள்ளினார். லாக்புக்கைத் தள்ளுகிற அதே மாதிரிதான் தள்ளினார். எலுமிச்சை சாதம். அவள் மறுக்காமல் சாப்பிட்டாள்.

மூன்றரை மணிக்குச் செல்வராசு ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கையெழுத்துப் போட்டார். “அந்தச் சாவிய எடுங்க” என்றார் மேடம்.

“அது யாரு சாவிங்க? நான் சைக்கிள்லயே வரலையே.”

“உன் சாவிதான்யா, எடு” என்றேன்.

முழித்துக்கொண்டே எடுத்தார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் அப்படியே தரையில் குந்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “விடுங்கண்ணே. நான்தான் எர்த் ராடு போட்டிருந்தேனே. நீங்க கரண்ட் போட்டிருந்தாலும் பிரேக்கர் தானா டிரிப் ஆகி நின்னிருக்கும், எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது” என்றார். சாவியை வளர்மதியிடம் கொடுத்து, “ரொம்ப நன்றி பாப்பா” என்றார். அவள் வாங்கிக்கொண்டு, “ராடு போட்டா ஒண்ணும் ஆவாதா சார்? அப்ப நான்தான் சும்மா கலாட்டா பண்ணிட்டேனா?” என்று என்னைக் கேட்டாள். இல்லையம்மா, நீ செய்ததுதான் சரி என்றேன். ஆனால் அவள் முகத்தில் பாதி நிம்மதியும் பாதி கூச்சமும் இருந்தன. மூன்று நாற்பதுக்குக் கைப்பிடியைத் திருப்பினேன். அடுத்த நிமிடம் வெங்காயக்காரர் கூப்பிட்டு, “வந்துருச்சுங்க” என்றார். அவர் அதைச் சொல்வதற்காகக் கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான்.

மறுநாள் மேடம் தகரத்தில் ஆறு வில்லைகள் வெட்டிச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். போனில் லைன் கிளியர் கொடுத்தால், ரிசீவரை வைப்பதற்கு முன் ஆபரேட்டரே ஒரு வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். பார்க்கிற பக்கத்தை மட்டுமல்ல, முந்தைய பக்கத்தையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். அந்த வில்லைகளுக்கு ஆபீஸ் பெயர் வேறு ஏதோ இருந்தது. நாங்கள் வளர்மதி சாவி என்றோம். லாக்புக்கில் வ.சா. ஆகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து வந்த ஒரு புது ஆபரேட்டர், ஒரு வில்லை தொலைந்து போனதும், “வளர்மதி சாவி ஒண்ணு வேணும்” என்று ஸ்டோருக்கே எழுதிவிட்டார். அப்படி ஒரு சாமான் இருப்பில் இல்லை என்று ஸ்டோரிலிருந்து முறைப்படி பதிலும் வந்தது.

பேசக்கூடாது என்ற சட்டம் அன்றோடு போயிற்று. மூலைப் பெஞ்சைத் தூக்கிப் போன் மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். மீதி ஐந்து நாளும் பாஸ்கர் என் உயிரை வாங்கினான். அதில் மூன்று கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை, மேடத்தைத்தான் கேட்டேன்.

பத்தாம் நாள் ஆளுக்கொரு படிவம் கொண்டுவந்தார்கள். அதில் ‘இந்த வேலையில் சேர விருப்பமா?’ என்று ஓர் இடம். பாஸ்கர் ஆம் என்று பெரிதாக எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தான். வளர்மதி ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. “ஏம்மா?” என்றேன்.

“தப்பா எழுதிட்டா அழிச்சுட்டு எழுத முடியாத வேலையா இருக்கு சார். எனக்குத் தையல்தான் சரி. தப்பாப் போனா பிரிச்சுத் தச்சுக்கலாம்” என்றாள்.

பத்து நாளில் ஒரு வேலையை இதைவிடச் சரியாகப் புரிந்துகொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. என் கருத்து எழுதுகிற இடத்தில் எல்லாருக்கும் ‘நன்று’ என்று எழுதுவதுதான் பழக்கம். அவளுடையதில், ‘இவர் இருந்த ஷிப்டில் நான் நிம்மதியாக வேலை பார்த்தேன்’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் இதற்கு எத்தனை மார்க் போட்டார்களோ தெரியாது. அப்புறம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பாஸ்கர் இப்போது பெரம்பலூரில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். என் வீட்டு மோட்டாரை அவன்தான் பார்க்கிறான், இன்னும் பேசிக்கொண்டேதான் பார்க்கிறான்.

இரண்டாயிரத்து ஏழில் நான் ஓய்வு பெற்ற அன்று ஸ்டேஷன் வாசலில் சாமியானா போட்டு, மாலை போட்டு, கேசரி கொடுத்தார்கள். மாற்றலாகிப் போயிருந்த தேன்மொழி மேடமும் வந்திருந்தார். என் பேருக்கு எழுதிய வாழ்த்துமடலை என் பக்கமே தள்ளி “படிங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

எல்லாரும் கிளம்பிய பிறகு செல்வராசு என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு நான் எர்த் ராடு போடலண்ணே.”

எனக்கு உடனே பிடிபடவில்லை. “என்னிக்குடா?” என்றேன்.

“அந்தப் பொண்ணு சாவி மாட்டின அன்னிக்கு. எங்க செக்ஷனுக்கே ஒரு செட்டு ராடுதான் அப்போ. அத முத்துசாமி அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாரு. பீடரு ஆஃப்லதான இருக்குன்னு நான் சும்மா ஏறிட்டேன். நீங்க கைப்பிடியத் திருப்பப் போன நேரத்துல ரெண்டு கையாலயும் கம்பியத்தான் புடிச்சிருந்தேன்.”

“எட்டு வருஷம் ஏன்டா பொய் சொன்ன?”

“நீங்க நிம்மதியாத் தூங்கணும்லண்ணே. மறுநாளும் எங்களுக்காக ஷிப்ட் பாக்கணும்ல” என்றார்.

நான் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். காய்ப்புக் காய்த்த, சூடான கைகள். வெகுநேரம் விடவே இல்லை.

செல்வராசும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இனி யாரும் அவருக்கு மெமோ கொடுக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவரும் எழுதச் சொல்லிவிட்டார். போன் செய்த தம்பிக்கு என் பதில் இவ்வளவுதான்: பிள்ளைகளை மூலையில் உட்கார வைக்காதீர்கள், பேச விடுங்கள்.

மீதி, திருப்பூரிலோ வேறெங்கேயோ இருக்கிற ஒருத்திக்கு. வளர்மதி, நீ கலாட்டா எதுவும் பண்ணவில்லை அம்மா. அன்றைக்கு ராடு இல்லை. உன் சாவி ஒன்றுதான் இருந்தது.